குதிரையில் போகிறவனைக் கூப்பிடாதே

போன வாரம் மகளின் கல்யாணப் பத்திரிகை கொடுக்கத் தங்கச்சிமடத்துக்குப் போயிருந்தேன். பிலோமினா வீட்டுக்குள் நுழையும்போதே டிவியில் குதிரைக் குளம்புச் சத்தம். தமிழ் பேசுகிற பழைய கௌபாய் படம். “உக்காருங்கண்ணே, முடியப்போகுது” என்றாள். என் கண் என்னவோ சுவரில் ஆணியில் தொங்கிய பனையோலைத் தொப்பிக்குத்தான் போனது.

தொப்பி அவள் புருசன் ஆரோக்கியத்தினுடையது. வாலிபத்தில் நான் அந்த ஊர் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தேன். முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆளான எனக்கு மீன் வாடை பிடிபடவே மாதக்கணக்கானது. ஆரோக்கியம்தான் என்னைச் சினிமாக் கொட்டகைக்கு இழுத்துப் போவான். தரை டிக்கெட், குவித்து உட்கார மணல், வறுத்த கடலை. திரையில் புழுதியும் முள்ளுக்காடும் தண்ணீரில்லாத ஊரும் வந்தால் அவன் தொடையில் தட்டுவேன். “ஏலே, இது எங்க ஊருடா. குதிரைக்குப் பதிலா ஆடு நிக்கணும், அவ்வளவுதான்” என்பேன்.

அவனுக்கோ போலீசுக்குத் தப்பித் திரிகிற கொள்ளைக்காரர்கள்மேல்தான் பிரியம். “திருடன்தான். ஆனா சொன்ன சொல்லு மாற மாட்டான் பாரு.” தொப்பியைக் கண்வரைக்கும் சரித்துக்கொண்டு கடற்கரையில் அவன் நடக்கிற நடையைப் பார்த்துப் பிலோமினா தலையில் அடித்துக்கொள்வாள். நான் மட்டும் என்னவாம், கண்ணாடி முன்னால் விரலை நீட்டிச் சுட்டுப் பார்த்தவன்தான்.

அந்தப் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடியும். ஊரைக் காப்பாற்றிய கொள்ளைக்காரன் தனியாகக் குதிரையேறிப் போவான். ஒருத்தி ஓடிவந்து பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். உடனே தரை டிக்கெட் மொத்தமும் எழுந்துவிடும்.

“ஏ புள்ள, பின்னால கூப்பிடாத! போற மனுசன் நல்லபடியா போவட்டும்!”

கடலுக்குப் போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடுவது அங்கே ஆகவே ஆகாது. வெள்ளைக்காரிக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். ஆரோக்கியம் சிரிக்க மாட்டான்.

ஒரு நாள் மத்தியானம் தொப்பியை மறந்துவிட்டுக் கடலுக்குக் கிளம்பிவிட்டான். பிலோமினா அதை எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடிவந்தாள். நானும் ஐஸ் இறக்கிக்கொண்டு அங்கேதான் நின்றேன். இடுப்பளவுத் தண்ணீரில் வள்ளத்தை நோக்கி அவன் நடந்துகொண்டிருந்தான். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். அவள் வாயைத் திறந்தாள். பிறகு தொப்பியாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று சாயங்காலம் காற்று மாறியது. வள்ளம் மட்டும் கவிழ்ந்தபடி கரை ஒதுங்கியது.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். அந்தத் தரை டிக்கெட் கூட்டத்தில் பாதிப்பேர் இல்லை. ‘கூப்பிடாத’ என்று அவர்கள் ஒன்றாய்ப் போட்ட அந்தச் சத்தம் மட்டும் இன்னும் என்னை விடவில்லை. நினைத்தால் பயமாக இருக்கிறது.

டிவியில் குதிரைக்காரன் மலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தான். வாசலில் பெண்கள் நின்றார்கள். இந்தப் படத்தில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. பிலோமினா பத்திரிகையை மடியில் வைத்தபடி முன்னால் சாய்ந்தாள்.

“கூப்பிடுங்கடி” என்றாள் மெல்ல. “யாராச்சும் கூப்பிடுங்கடி.”