மிரியம் வாசித்த கல்யாணப் பாட்டு

நேற்று என்னிடம் வயலின் படிக்கும் பெண் ஒருத்தி, வில்லுக்குத் தேய்க்கப் புது ரோசின் கட்டி கொண்டுவந்தாள். மூடியைத் திறந்ததும் அறை முழுக்க பைன் மர வாசனை. அந்த வாசனை வந்தால் எனக்கு மிரியம் ஞாபகம்தான். அப்புறம் எங்கே பாடம் நடத்துவது!

அப்போது நான் கச்சேரிகளுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க ஆரம்பித்திருந்தேன். செங்கம் ரோட்டில் ஒரு மாடி அறையில் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்தேன். பக்கத்து அறைக்கு ஒவ்வொரு மார்கழிக்கும் மிரியம் வெளிநாட்டிலிருந்து வந்து மாசி வரை தங்குவார். அவர் ஊர் இசைக்குழுவில் வயலினில் மேல்நாட்டுச் சாஸ்திரிய சங்கீதம் வாசித்தவர். பிறகு யூதர் கல்யாணங்களில் வாசிக்கும் க்ளெஸ்மர் இசைக்குப் போனவர். வயலின் தேம்புவதற்கென்றே அதில் ஒரு விரல் நழுவல் உண்டு. நம் கமகத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை.

நாங்கள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்த லட்சணத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தரையில் உட்கார்ந்து வயலின் தலையைப் பாதத்தில் வைத்தால் அவருக்குக் கால் மரத்துப்போகும். நின்றுகொண்டு தாடையில் இடுக்கினால் வயலின் விழுந்துவிடுமோ என்று எனக்கு உயிரே போகும். அம்மா பார்த்துவிட்டு, "ஏன்டி, பஸ்ல நின்னுகினு வர்ற மாதிரி வாசிக்கிற?" என்று சிரித்தாள்.

அந்த வருஷம் அம்மா சிரித்ததே கம்மி. அப்பா இறந்திருந்தார். எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிட்டவர். என்னையும் வயலினையும் மொபெட்டில் ஏற்றி டவுனுக்கு வகுப்புக்குக் கூட்டிப்போனவர். வருஷம் திரும்புவதற்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று என் அக்கா செல்விக்கு அவசரமாக நாள் குறித்தார்கள். சாவன்று வந்தவர்களைக் கவனித்துக்கொண்டே இருந்ததில் அவள் அழவில்லை. அதற்கப்புறம் யாரும் அழ விடவில்லை. "கல்யாணப் பொண்ணு கண்ணு கலங்கக் கூடாது" என்று அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, கூடவே காவல் இருந்தார். அக்கா சாப்பாட்டையும் பேச்சையும் குறைத்துக்கொண்டே வந்தாள். எனக்குப் பயமாக இருந்தது.

"உங்க ஊர்க் கல்யாணப் பாட்டு ஒண்ணு வாசிங்க" என்று மிரியத்தை அழைத்தேன். துள்ளலாக எதையாவது வாசிப்பார் என்று நினைப்பு. முகூர்த்தத்துக்கு முன்னால், மணமகள் அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து அக்காவுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். மிரியம் நேராக அவள் முன்னால் போய் நின்று வில்லை எடுத்தார். அவர்களுடைய பழைய வழக்கத்தில், சடங்குக்கு முன் மணப்பெண்ணை உட்காரவைத்து வயலின்காரர் அழவைக்க வேண்டுமாம். பிற்பாடுதான் எனக்குத் தெரியும்.

ஒரு தும்மல்கூடக் காதில் விழக் கூடாதென்று தாலி கட்டும்போது கெட்டிமேளம் கொட்டுகிறவர்கள் நாம். இங்கே வயலின் விம்முகிறது. "ஐயோ, நிறுத்தச் சொல்லுடி!" என்றார் அத்தை. அதற்குள் அக்கா, "அப்பா" என்றாள். அப்புறம் உடம்பு குலுங்க அழுதாள். வாயைப் பொத்தப் போன அத்தை, "எங்க அண்ணன் பாக்காம பூட்டானே" என்று அவளைக் கட்டிக்கொண்டார். அம்மாவும் நானும் அழுதோம். பூ வைக்க வந்த பெண்ணும் அழுதாள், பாவம், அவளுக்கு என்ன துக்கமோ. மிரியம் மட்டும், வந்த வேலை ஆயிற்று என்பதுபோல வில்லைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முகம் கழுவி, மறுபடி மை தீட்டி, மணவறைக்குப் புறப்படும்போது அக்கா என் காதில், "பசிக்குதுடி" என்றாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மிரியம் இப்போது வருவதில்லை. விரல் மூட்டு வலியில் வாசிப்பதையே விட்டுவிட்டாராம். அந்த மாடி காபிக் கடையாகிவிட்டது. அத்தை இல்லை. போன வருஷம் அம்மாவும் போய்விட்டாள். வருகிற தை மாதம் அக்கா மகளுக்குக் கல்யாணம். "அந்தப் பாட்ட நீ வாசிக்கிறியா?" என்று அக்கா போனில் கேட்டாள்.

நான் அதைக் கற்றுக்கொள்ளவே இல்லை. அழுகைப் பாட்டெல்லாம் வீட்டில் பழகக் கூடாது என்று அம்மா உத்தரவு. எடுத்துப் பார்த்தால் முதல் வரி வருகிறது. அதற்குமேல் போனால் முகாரியில் போய் முட்டிக்கொள்கிறேன். "ஒரு வரிதான்க்கா ஞாபகம் இருக்கு" என்றேன்.



"ஒரு வரி போதும்டி. மீதிய நாங்க பாத்துக்கறோம்."