பளிங்குக் கல் ஊறிய வாளி

வாளிக்குள் ஒரு பிடி முருங்கைக்கீரை கிடந்தது. அதைப் பார்த்து நான் பயந்துபோனேன்.

கீரையைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா என்று கேட்கலாம். எங்கள் தெருவில் கழுநீரை யாரும் சாக்கடையில் ஊற்றுவதில்லை. அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல் எல்லாவற்றையும் கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு வாளியில் சேர்த்து வைப்போம். பக்கத்து வீட்டு அக்கா வந்து தன் மாட்டுக்கு எடுத்துப் போவார். வாளியைச் சும்மா திருப்பித் தரும் பழக்கம் அவருக்குக் கிடையாது. சுத்தமாகக் கழுவி, உள்ளே நாலு பச்சை மிளகாயோ கொஞ்சம் கீரையோ போட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார். அன்றைக்குக் கீரை கிடந்தது கழுநீர் வாளியில் இல்லை. நான் கல் ஊறவைக்கும் நீல வாளியில்.

எனக்குக் கல் பைத்தியம் உண்டு. என் வீட்டுக்காரர் வைத்த பெயர் அது, நானும் மறுத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் நான். பொன்னமராவதிப் பக்கம் யாராவது கிணற்றை ஆழப்படுத்துகிறார்கள் என்று தெரிந்தால், அள்ளிக் கொட்டிய மண்மேட்டில் போய் உட்கார்ந்துவிடுவேன். கிணற்றுச் சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டுதான். அந்த மேட்டில் எப்போதாவது குவார்ட்ஸ் என்கிற பளிங்குப் படிகம் கிடைக்கும். ஆறு பட்டையும் ஒழுங்காக இருக்க வேண்டும், முனை உடையாமல் இருக்க வேண்டும். முனையில் கடுகளவு சில்லு போயிருந்தாலும் எனக்கு மனசு ஒப்பாது. கடையில் பட்டை தீட்டி விற்கிற கல்லை நான் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. மண்ணுக்குள் யாரும் பார்க்காமல், யாரும் தொடாமல், அது தானாகவே அத்தனை நேராக வளர்ந்திருக்கிறதே, அதுதான் என்னை ஆட்டி வைக்கிறது.

அந்த முறை கிடைத்தது மூன்று முனைகள் சேர்ந்து நிற்கும் ஒரு கொத்து. மூன்றும் முழுசு. ஆனால் அடியிலிருந்து நுனி வரை செம்மண் துரு ஏறியிருந்தது. தேய்த்தால் போகாது. ஆக்சாலிக் ஆசிட் என்று ஹார்டுவேர் கடையில் வெள்ளைப் பொடியாகக் கிடைக்கும். அதைத் தண்ணீரில் கரைத்து ஊறவைத்தால் துரு கரைந்துவிடும். அது விஷம். உடம்புக்குள் போனால் ரத்தத்தில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். கை கால் நடுங்கும், பிறகு இதயமே தடுமாறும். ஆகவே வேலை முடிந்ததும் அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலந்து வீரியத்தை முறித்துத்தான் வெளியே ஊற்ற வேண்டும். கலந்தால் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கும்.

அச்சு அசல் கழுநீர் மாதிரி.

அந்தச் சனிக்கிழமை காலையில் கல்லை வெளியே எடுத்துவிட்டு, சுண்ணாம்பைக் கலக்கி, வாளியைக் கொல்லைக் குளியலறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். சுண்ணாம்பு போதுமா என்று சோதிக்க லிட்மஸ் தாள் வேண்டும். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வரும்போது பள்ளி ஆய்வகத்திலிருந்து நாலு தாள் எடுத்து வந்தேன். கைப்பையில் தாளோடு கொல்லைக்குப் போனால், கதவோரத்தில் கழுநீர் வாளிக்குப் பக்கத்தில் நீல வாளி, அதற்குள் கீரை.

"இந்த வாளிய யாரு வெளிய எடுத்தது?" என்று கத்தினேன்.

என் வீட்டுக்காரர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். "நான்தான். எனக்குக் குளிக்க வேணாமா? அதான் தூக்கி இங்கிட்டு வச்சேன். ஏன், என்னாச்சு?"

அவருக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்குக் குடும்பம் இரண்டாகியிருக்கும். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் பக்கத்து வீட்டுக் கொல்லைக்கு ஓடினேன்.

மாடு நின்றுகொண்டிருந்தது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கன்று ஈன்று ஒரு மாதம்கூட ஆகாத மாடு. அக்காவுக்கு வீட்டுக்காரர் இல்லை. அந்த ஒரு மாட்டை வைத்துத்தான் அவர் யாரிடமும் போய் நிற்காமல் காலம் தள்ளுகிறார்.

"அக்கா, நீல வாளியில இருந்தத மாட்டுக்கு வச்சீங்களா?"

"ஆமா டீச்சர். இன்னைக்கு ரெண்டு வாளி இருந்துச்சே, விருந்தாளி வந்திருக்காக போலன்னு நெனச்சேன். தவிடும் புண்ணாக்கும் கலந்து வச்சேன். பாதிதான் குடிச்சுச்சு. அப்புறம் மூஞ்சியத் திருப்பிக்கிருச்சு."

பாதி. நான் விஷயத்தைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று இப்போது சரியாக ஞாபகம் இல்லை. அவர் முகம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. அவர் கத்தவில்லை. மாட்டின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு, "ஆத்தா" என்றார். என்னை அல்ல, மாட்டை.

தொட்டியில் மிச்சம் கிடந்ததில் லிட்மஸ் தாளை நனைத்தேன். நீலத் தாள் சிவந்தது. அமிலம் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் புளித்த கழுநீரில் நனைத்தாலும் அது சிவக்கத்தான் செய்யும். அதில் அக்கா வீட்டுக் கழுநீரும் கலந்திருந்தது. என் சுண்ணாம்பு போதுமா போதாதா என்று அந்தத் தாள் எனக்குச் சொல்லவில்லை. வகுப்பில் இதே பாடத்தைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு நடத்துகிறவள், தவிட்டுத் தொட்டி முன்னால் மண்டியிட்டு விழித்துக்கொண்டிருந்தேன்.

கால்நடை டாக்டருக்கு என் வீட்டுக்காரர் போன் செய்து, பைக்கிலேயே போய்க் கூட்டி வந்தார். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். சுண்ணாம்பு சேர்ந்திருந்தால் பெரும்பாலும் பயமில்லை என்றவர், எதற்கும் இருக்கட்டும் என்று கழுத்து நரம்பில் கால்சியம் ஏற்றினார். பாட்டில் இறங்க இறங்க நான் மாட்டின் காலையே பார்த்தேன். ஒரு ஈ உட்கார்ந்து தோல் சிலிர்த்தால்கூட நடுக்கம் வந்துவிட்டது என்று தோன்றியது.

"அசை போடுதான்னு பாத்துக்கிட்டே இருங்க. போட்டுச்சுன்னா கவலை இல்ல. இன்னைக்குப் பாலக் கறந்து கொட்டிருங்க, கன்னுக்குட்டியயும் ஊட்ட விட வேணாம்," என்று சொல்லிவிட்டு டாக்டர் கிளம்பினார்.

அந்த மத்தியானத்தை எப்படிக் கழித்தோம் என்று கேட்டால், ஒரு மாட்டின் தாடையைப் பார்த்துக் கழித்தோம். கன்றுக்குட்டி தூரத்தில் கட்டிக் கிடந்து கத்திக்கொண்டே இருந்தது. அக்கா பாலைக் கறந்து வேப்பமரத்தடியில் ஊற்றினார். பாலைத் தரையில் ஊற்றும்போது அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். மாட்டுக்கு ஒன்று ஆகிவிட்டால் புது மாடு வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அதை அக்காவிடம் சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.

மாடு தின்னவில்லை, படுக்கவில்லை, சும்மா நின்றது. என் வீட்டுக்காரர் டீ வாங்கி வந்து கொடுத்தார். அது ஆறி ஆடை கட்டியது. வெயில் தாழ்ந்து, தெருவில் பிள்ளைகள் விளையாடப் போகும் நேரத்தில் மாடு முன்னங்காலை மடக்கிப் படுத்தது. விழுகிறதோ என்று நான் எழுந்தே விட்டேன்.

"இருங்க டீச்சர்," என்று அக்கா கையைப் பிடித்தார்.

மாட்டின் தொண்டையில் ஒரு உருண்டை மேலேறியது. தாடை இடது பக்கம் போனது, வலது பக்கம் வந்தது. மறுபடியும். அக்கா மாட்டின் நெற்றியில் முகத்தை வைத்து, "மெல்லு ஆத்தா, மெல்லு," என்று அழுதார். நானும் அழுதேன். சுவருக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

மறுநாள் காலையில் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். "எந்தக் கல்லுங்க டீச்சர் அது? காட்டுங்க," என்றார்.

எடுத்து வந்து கொடுத்தேன். துரு சுத்தமாகப் போயிருந்தது. பால் சேர்க்காத காப்பியை வெளிச்சத்தில் பிடித்தது போல மூன்று முனையும் தம் சொந்தப் பழுப்பு நிறத்தில் தெளிந்திருந்தன. முனையில் கைபடாமல் அடிப்பகுதியைப் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர் தானாகவே அப்படித்தான் பிடித்தார். வெயிலுக்கு நேராகத் தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதற்காகவா என்று கேட்பார், அல்லது விட்டெறிவார் என்று நான் பயந்தபடி நின்றேன்.

"நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு, கல்லை என் இரண்டு கையிலும் வைத்தார்.

மாடு நன்றாக இருக்கிறது. பால் தினமும் வருகிறது. அக்காவே கொண்டுவந்து ஊற்றுகிறார், நின்று பேசுகிறார், சிரிக்கிறார். கழுநீர் எடுக்க மட்டும் வருவதில்லை. முதல் வாரம் மறந்திருப்பார் என்று நினைத்தேன். வாளி நிறைந்து புளித்து நாறியது. ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "அந்த ஆசிட்ட நான் தொடுறதே இல்லக்கா. பொடிய அப்பவே ஒழிச்சாச்சு. என் மேல கோவமா?"

அவர் பால் செம்பைக் கீழே வைத்தார். "ஐயோ, ஒங்க மேல எனக்கென்ன கோவம் டீச்சர்?" என்றார். பிறகு என் கண்ணைப் பார்க்காமல், மெதுவாக, "பயம்தான்," என்றார்.