அமிசா மாஸ்டர் குச்சியைக் கொடுத்த வருஷம்

எங்கள் கடலோர ஊரான எல்மினாவில் பியானோ வாசிக்கத் தெரிந்த யாரைப் பிடித்துக் கேட்டாலும், அமிசா மாஸ்டரிடம் விரல் முட்டியில் அடி வாங்கியவராகத்தான் இருப்பார். அப்படி வாங்கியவர்களில் ஒருவர் இப்போது பிஷப். கொபினா அமிசா பகலில் பள்ளிக்கூடத்துச் சங்கீத வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பியானோ, மற்ற நேரமெல்லாம் எங்கள் பாடகர் குழுவுக்கு எஜமான். எஜமான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். தாழ்ந்த குரலில் பாடும் நாங்கள் என்றைக்குமே அவர் கையைப் பார்த்துப் பாடியதில்லை.

அவருக்கு ஒரே ஒரு ஆசை. கேப் கோஸ்ட்டில் வருஷா வருஷம் நடக்கும் போட்டியில், குழுவை முன்னால் நின்று நடத்துகிறவருக்குத் தரும் கோப்பையை வாங்கிவிட வேண்டும். அதற்காக வீட்டு அலமாரி உச்சியைக் காலியாகவே வைத்திருந்தார். அங்கே அவர் மனைவி வெங்காயக் கூடையை வைத்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் ரகளைதான்.

அந்த வருஷம் கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சந்தையில் கென்கே என்கிற சோளமாவு உருண்டை விற்கிற அஜோவா குழுவில் சேர்ந்திருந்தாள். அவள் தனியாகப் பாடினால் மீன் லாரி ஓட்டுகிற எனக்கே கண் கலங்கிவிடும்.

அப்போதுதான் தச்சீவா அம்மா வந்து நின்றார். மீன் ஐஸ் கிடங்கின் சொந்தக்காரர். எங்கள் அங்கி, பியானோ, போட்டிக்குப் போகிற பஸ் எல்லாம் அவர் தயவு.

"மாஸ்டர், தனிப்பாட்டை நான் பாடுறேன். அந்தப் பொண்ணு என்ன, மூணு நாளு பட்டினி கெடந்தவ மாதிரி பாடுறா!"

அம்மா பாடினால், படகு கிளம்புகிற சங்கு என்று மீனவர்கள் கரைக்கு ஓடிவிடுவார்கள். மாஸ்டர், குழுவை நடத்தக் கையில் வைத்திருந்த குச்சியைப் பார்த்தார். பிறகு அதை நீட்டினார்.

"தனிப்பாட்டெல்லாம் உங்க அந்தஸ்துக்கு ஆகுமாம்மா? ஓரமா நின்னு பாடிட்டுப் போகணும். எல்லாருக்கும் முன்னால நிக்கிறது இந்தக் குச்சிதான். நீங்க பிடிங்க, நான் பியானோவுல உக்காந்துக்கிறேன்."

அம்மாவுக்கு வாயெல்லாம் பல். அவர் போனதும், "கோப்பை என்னாகும் மாஸ்டர்?" என்றேன்.

"எல்லாரும் என் தலையைப் பாருங்கடா. எவனாவது அந்தம்மா கையைப் பார்த்தான், தொலைச்சுப்புடுவேன்." எனக்கு மனசு கேட்கவில்லை.

போட்டியன்று அம்மா கோழி விரட்டுகிற மாதிரி குச்சியை வீசினார். பியானோவுக்குப் பின்னால் மாஸ்டரின் தலை ஆடியது. வாழ்க்கையில் முதல்தடவையாக நாங்கள் எல்லோரும் அவரையே பார்த்துப் பாடினோம். அஜோவா தனிப்பாட்டை எடுத்த இடத்தில் அம்மாவுக்குக் கை வலித்துவிட்டது. குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்து, கூட்டத்திலிருந்த தெரிந்தவர்களுக்கு அதை ஆட்டிக் காட்டினார். பாட்டு இம்மி பிசகவில்லை.

முதல் பரிசு எங்களுக்குத்தான். "கையை அசைக்காமலே குழுவைக் கட்டி ஆண்டவர்" என்று நடுவர் புகழ்ந்து, அந்தக் கோப்பையைத் தச்சீவா அம்மாவிடம் கொடுத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் அது அவர் மடியில் இருந்தது.

"மாஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க தலையை வெட்டி வெட்டி இழுக்குறதைப் பார்த்தா வலிப்போன்னு நினைப்பாங்க. சாயங்காலத்துல கிடங்குப் பக்கம் வாங்க, கையை எப்படி வீசணும்னு சொல்லித் தர்றேன்."

பஸ்ஸில் எல்லோர் தலையும் மாஸ்டர் பக்கம் திரும்பியது.

"வர்றேம்மா" என்றார் மாஸ்டர்.

"உங்களுக்கு ரோஷமே இல்லையா மாஸ்டர்?" என்று அவர் காதைக் கடித்தேன்.

"அடுத்த வருஷமும் அஜோவா பாடணும்ல?" என்றவர், அந்த வாரமே கிடங்குக்குப் போய் நின்றார்.