நிழலில் போட்ட முக்காலி

உலகத்தில் இருக்கிற மூக்குகளையெல்லாம் கூட்டி ஒரு மாநாடு போட்டால், மேடையில் நடு நாற்காலி மேஸ்திரியம்மாவின் மூக்குக்குத்தான். மற்ற மூக்குகள் எழுந்து நின்று கும்பிடு போட வேண்டும். அடுத்த வாரம் பெய்யப்போகிற மழையை அது இந்த வாரமே மோந்து பார்த்துவிடும். போலீஸ் மோப்ப நாய்கள் அதனிடம் டியூஷன் படிக்க வருவதாகக் கேள்வி. கணக்குப்பிள்ளை வாயைத் திறக்குமுன்பே அவர் சொல்லப்போகிற பொய்யின் வாசம் வரப்பு தாண்டி வந்துவிடும்.

சரி, பாதியைக் கழித்துவிட்டு நம்புங்கள். மீதிப் பாதி நிஜம்.

பருத்திக் காட்டில் வேலை பார்க்கும் பெண்களுக்கு அவள்தான் மேஸ்திரி. வரிசையில் யாராவது சாப்பாட்டுத் தூக்கைத் திறந்ததும் முகத்தைச் சுளித்தால் போதும், அவளுக்குத் தெரிந்துவிடும். மாமியாருக்குத் தெரியுமுன், சில சமயம் வயிற்றுக்காரிக்கே தெரியுமுன் தெரிந்துவிடும்.

"ஏய், நாளையிலேர்ந்து நீ நிழலுக்குப் போ."

"ஏன் மேஸ்திரி, நான் என்ன தப்பு பண்ணேன்?"

"தப்பெல்லாம் உன் புருஷன் பண்ணிட்டான். நீ போய் உக்காரு."

காடே சிரிக்கும். அந்தப் பெண் வெட்கத்தில் பருத்திச் செடிக்குள் தலையை விட்டுக்கொள்வாள்.

நிழல் என்றால் காட்டு மூலையில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய மரத்தடி. அங்கே ஒரு நீல டிரம், பக்கத்தில் ஒரு முக்காலி. பூச்சிமருந்து கலக்குகிற இடம் அதுதான். கேனிலிருந்து மூடியால் அளந்து ஊற்ற வேண்டும், குச்சியால் கலக்க வேண்டும், முதுகில் டேங்க் மாட்டி வரும் ஆம்பளைகளுக்குக் குடத்தால் மொண்டு ஊற்ற வேண்டும். குனிய வேண்டாம், வெயிலில் காய வேண்டாம், ஆனாலும் கூலி முழுசு. பெண்கள் அதற்குச் சிம்மாசனம் என்று பேர் வைத்திருந்தார்கள்.

அந்தச் சிம்மாசனத்தைச் சும்மா யாரும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. மூத்த மகள் வயிற்றில் இருந்தபோது, பஞ்சு மூட்டையோடு வெயிலில் மயங்கி விழுந்தவள் மேஸ்திரி. தன் கைக்கு அதிகாரம் வந்ததும் முதல் வேலையாகக் கணக்குப்பிள்ளை முன்னால் போய் நின்றாள். "உக்காந்து கலக்குறதுக்குத் தடிமாடு மாதிரி ஆம்பள எதுக்கு? அவன் வெயில்ல போகட்டும். பிள்ளத்தாச்சி அங்க உக்காரட்டும்" என்று சண்டை போட்டு வாங்கியது அது. அவள் வாழ்க்கையில் ஜெயித்த ஒரே சண்டையும் அதுதான்.

உட்கார்ந்தவர்களில் சிலருக்குப் பிள்ளை பிறந்தது. சிலருக்கு வயிற்றில் தங்கவில்லை. தங்காதவர்கள் தலையெழுத்தைத் திட்டிவிட்டு மறுபடி வரிசைக்கு வந்து குனிந்தார்கள். கேனில் ஒரு மண்டையோட்டுப் படம் இருந்தது. மேஸ்திரியின் இளைய மகள் அதற்கு மீசை வரைந்து, கணக்குப்பிள்ளை என்று பேரும் வைத்துவிட்டாள். அவளுக்கு ஊர் வைத்த பேர் வாலு. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு அவளை நிறுத்திவிட்டது. அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. படம் என்ன சொல்ல வருகிறது என்று கேட்டவர்களும் இல்லை.

மூத்தவளுக்குக் கல்யாணமாகி வெகு காலம் பிள்ளை இல்லை. பார்க்காத டாக்டர் இல்லை, கேட்காத பேச்சு இல்லை. ஒரு காலையில் அவள் டீ டம்ளரைத் தள்ளி வைத்தாள். மேஸ்திரி காட்டுக்குப் போய் முக்காலியைத் தொட்டித் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, முந்தானையால் துடைத்து, நிழல் நன்றாக விழும் பக்கமாக நகர்த்திப் போட்டாள்.

"வா ராசாத்தி, உக்காரு."

சாயங்காலம் வீட்டு வாசலில் மகளின் தலையை அவிழ்த்துச் சீவிவிடுவாள். முடியில் மருந்து வாசம் அடிக்கும். அது வேலைக்குப் போய்வந்த வாசம், வீட்டுப் போர்வை போலப் பழகிப்போனது. மோந்து கண்டுபிடிக்க அதில் என்ன இருக்கிறது?

ஏழாம் மாதம் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை, தலை நிறைய முடி. அழவில்லை.

ஆஸ்பத்திரி நடையில், வாலு தூண் ஓரமாக நிற்க, நர்ஸ் மேஸ்திரியைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டாள்: "உங்க பொண்ணு எங்கம்மா வேலை பாத்தாங்க?"

"நிழல்லதாம்மா வச்சிருந்தேன். ஒரு நாள் குனிய விடல." இந்த நிலையிலும் மேஸ்திரியின் குரலில் ஒரு சொட்டுப் பெருமை இருந்தது.

"நிழல்ல என்ன வேலை?"

"மருந்து கலக்குறது."

"கையுறை போட்டுக்கிட்டா?"

"வெறுங்கைதாம்மா."

நர்ஸ் கையிலிருந்த சீட்டை மடித்து வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "உங்க பேத்திக்கு இதுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா வயித்துல பிள்ள இருக்கிறவங்கள அந்த டிரம் பக்கமே விடக் கூடாதும்மா. தோல் வழியா உள்ள போகும், மூச்சு வழியா போகும். அதுவும் ஆரம்ப மாசத்துல."

ஆரம்ப மாதம். யாருக்கும் தெரியுமுன்பே கண்டுபிடித்து நிழலுக்கு அனுப்புகிற மாதம்.

மேஸ்திரி குழாயடிக்குப் போய்க் கை கழுவினாள். மோந்து பார்த்தாள். மறுபடியும் கழுவினாள். பின்னால் நின்ற ஆள் திட்டியது அவள் காதில் விழவில்லை.

வீட்டுக்கு வந்த மூத்தவள் கேட்டாள்: "அம்மா, நீ வேணாம்னு சொல்லியும் நான் கேனத் தூக்கினேன். அதனாலயா?"

"அதனால இல்லடி."

"அப்போ எதனால?"

மேஸ்திரி போர்வையை இழுத்து மூடிவிட்டு எழுந்து போனாள்.

அந்த வாரமே காட்டில், சிரிப்பு என்று பேர் வாங்கிய புதுப்பெண் வரிசையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். மேஸ்திரியின் மூக்குக்கு அதற்கும் முந்தியே தெரியும். இந்தத் தடவை நாக்குதான் அசையவில்லை. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். சொன்னால், இத்தனை காலமாக உட்கார வைத்த ஒவ்வொருத்தி முகத்தையும் பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இன்னொரு பிள்ளை.

சிரிப்பே வந்து கேட்டாள்: "மேஸ்திரி, என்னைய மறந்துட்டீங்களா? நாளைக்கு சிம்மாசனம் எனக்குத்தான!"

மறுநாள் காலை முக்காலி மண்ணில் சாய்ந்து கிடந்தது. ஒரு கால் சுத்தமாக அறுபட்டு, அந்தக் கால் போன இடமே தெரியவில்லை. யார் வேலை என்று யாருக்கும் தெரியாது. சிலர் கண் வாலு மேல் போனது. அபாண்டம்! அந்தப் பெண் விடிந்ததிலிருந்து தொட்டியடியில் சமர்த்தாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"கால் போனா என்ன?" என்று சிரிப்பு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, டிரம்மை ஒட்டி உட்காரப் போனாள்.

மேஸ்திரி ஓடி வந்தாள். அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை. வாளியைக் காலால் எட்டி உதைத்தாள்.

"யாரும் இங்க உக்கார வேணாம். இது நிழல் இல்லடி. வயித்துப் பிள்ளைக்கு ஆகாத இடம். ஆஸ்பத்திரியில சொன்னாங்க. என் மகள நான்தான் கூட்டிட்டு வந்து உக்கார வச்சேன்."

சிரிப்பின் சிரிப்பு நின்றது. வரிசைக் கடைசியிலிருந்து ஒருத்தி முன்னால் வந்தாள். இரண்டு தடவை பிள்ளை தங்காதவள்.

"என்னையும் நீங்கதான் உக்கார வச்சீங்க மேஸ்திரி."

"ஆமா."

"அன்னிக்கு உங்களுக்குக் கும்பிடு போட்டேனே."

மேஸ்திரி தலை குனிந்து நின்றாள். அந்தப் பெண் மேஸ்திரியை அடிப்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் மண்ணில் உட்கார்ந்து மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கணக்குப்பிள்ளை வந்து, "அப்போ மருந்த யாரு கலக்குறது?" என்றார்.

"நீங்க கலக்குங்க" என்றாள் மேஸ்திரி. அன்றைக்கு யாரும் செடியைத் தொடவில்லை.

மேஸ்திரி வீட்டுக்கு வந்து மூத்தவள் பக்கத்தில் உட்கார்ந்து, நர்ஸ் சொன்னதைச் சொன்னாள். மூத்தவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"தலை சீவும்போது உனக்கு வாசம் வரலியாம்மா?"

"வந்துச்சுடி."

மூத்தவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மேஸ்திரி பின்கட்டுக்கு வந்தாள். அடுப்புக்கு முன்னால் வாலு குத்தவைத்து, விறகுக்குள் எதையோ அவசரமாகத் திணித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி அது?"

"விறகும்மா."

மேஸ்திரி குனியக்கூட இல்லை. "மருந்து ஊறுன கட்டை. கூடவே தையல் மிஷின் எண்ணெய் வாசம். ரம்பம் சத்தம் போடாம இருக்கப் போட்டியா?"

"நான் இல்லம்மா, கரையான் அரிச்சிருக்கும்."

"எண்ணெய் போட்டு அறுக்குற கரையான நான் இன்னிக்குத்தான் பாக்குறேன். அத வெளிய எடு. மருந்து புகையா வரும், அக்கா உள்ள படுத்திருக்கா."

வாலு கட்டையை வெளியே இழுத்தாள். முகத்தை மட்டும் திருப்பவில்லை.

"ஏன்டி கண்ணத் தொடைக்கிற?"

"புகை."

"அடுப்பு இன்னும் பத்தவே வைக்கலடி."