பூட்டிய கதவும் நாற்பத்திரண்டு கிலோமீட்டரும்

கடைசி மூன்று வருடங்கள் அம்மா ஓர் இடத்தில் உட்காரவில்லை. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக முப்பது வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். மறதி நோய் வந்த பிறகு நடக்கத் தொடங்கினாள். மந்தைவெளியில் எங்கள் வீடு தரைத்தளம். கூடத்திலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து வாசல், வாசலிலிருந்து தெரு. பழைய கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

"டூட்டிக்கு நேரமாச்சுடி. நான் போனாத்தான் அவ எழுந்து வீட்டுக்குப் போக முடியும்."

யார் அந்த 'அவள்' என்று கேட்டால் வாசலைப் பார்த்து நடப்பாள். எனக்குத் தெரியும். அடுத்த ஷிஃப்ட்டுக்கு ஆள் வராமல் ஹெட்போனைக் கழற்ற முடியாது. நானும் தம்பியும் சின்னவர்களாக இருந்தபோது, அடுத்தவள் வராததால் அம்மா எத்தனையோ நாள் தாமதமாக வீடு வந்திருக்கிறாள்.

அப்பா முன்பே போய்விட்டார். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி குடும்பத்தோடு கே.கே. நகரில் இருந்தான். ஆகவே அம்மாவின் பின்னால் போனது பெரும்பாலும் நான்தான். தெருமுனை வரை போவோம், பேசிப் பேசித் திருப்பிக் கூட்டி வருவேன். அரைமணி கழித்து மறுபடியும் கிளம்புவாள்.

ஒருநாள் உள்ளறையில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். முடித்து வெளியே வந்தால் வீடு திறந்து கிடக்கிறது. அம்மாவின் செருப்பு இருக்கிறது, அம்மா இல்லை. மார்க்கெட், ரயில் நிலையம், குளக்கரை என்று ஓடினேன். இரண்டரை மணி நேரம் கழித்து ஓர் ஆட்டோக்காரர் போன் செய்தார்.

"மேடம், இங்க ஒரு பெரியம்மா. பையில உங்க நம்பர் தெச்சிக்கீது. தி.நகர்ல பார்க்காண்ட நடந்துகினே கீறாங்க. வண்டில ஏறச் சொன்னா டூட்டி டைமுன்றாங்க."

அம்மா வேலை பார்த்த நிலையம் இருந்த தெரு அதுதான். மந்தைவெளியிலிருந்து அவ்வளவு தூரமும் வெறுங்காலோடு வெயிலில் போயிருக்கிறாள். வாசலில் இறக்கிவிடும்போது ஆட்டோக்காரர் அவள் காலைக் காட்டினார். "இன்னாமா இது? வயசானவங்கள இப்டியா வுடுவீங்க?"

உள்ளங்கால் இரண்டிலும் தோல் உரிந்திருந்தது. ஒரு பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் ஊற்றி அவள் காலை அதில் வைத்தேன். அவள் வலி என்றே சொல்லவில்லை. "யாரோ என்னத் திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டான். பாவம், அவ இன்னும் அங்கதான் உக்காந்திருக்கா" என்றாள்.

மறுநாள் காலை பூட்டு வாங்கினேன்.

நான் ஆபீஸ் போகும் நாட்களில் பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வருவார். அவர் வருவது ஒன்பது மணிக்கு. பெருங்குடி ஆபீசுக்கு நான் கிளம்புவது எட்டு மணிக்கு. நடுவில் அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் கிரில் கதவைப் பூட்டுவது என்று முடிவு செய்தேன். பிறகு அந்தப் பெண் சமைக்கும்போது பூட்டிக்கொள்ளச் சாவி கேட்டார். பிறகு நான் வீட்டில் இருந்து மீட்டிங் பேசும்போதும் பூட்டினேன். எந்த நாளில் அது நாள் முழுவதும் பூட்டிய கதவாயிற்று என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அம்மா கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் "கொஞ்சம் தொறந்து விடுங்க சார்" என்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தபோது அவனையும் சார் என்று கூப்பிட்டு அதையே கேட்டாள்.

"இது வீடா ஜெயிலா?" என்று தெருவே கேட்கும்படி கத்தினான். "பெத்தவள இப்படிப் பூட்டி வைக்க உனக்கு எப்படிக்கா மனசு வந்துச்சு?"

"அப்ப நீ கூட்டிட்டுப் போ."

கூட்டிக்கொண்டு போனான். நான்காம் நாள் காலை கொண்டுவந்து விட்டான். வீட்டில் இடம் போதவில்லை என்றான். அதற்குப் பிறகு அவன் வருவது குறைந்தது. எட்டு மாதம் கழித்து அம்மாவுக்கு நுரையீரலில் தொற்று வந்தது. படுத்தவள் எழுந்திருக்கவில்லை. தம்பி எல்லாச் சடங்கும் செய்தான். பதின்மூன்று நாளும் என்னோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதன் பிறகு நான் உட்கார முடியாதவள் ஆனேன். மீட்டிங்கில் ஐந்து நிமிடம் ஆனதும் எழுந்து சுவரோரம் நிற்பேன். சாப்பாட்டை நின்றுகொண்டே முடிப்பேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் அடுத்த நிறுத்தம் வரை நடப்பேன், அங்கும் நிற்க முடியாது. இந்த நோய் பரம்பரையாக வருமா என்று டாக்டரிடம் கேட்டேன். "உங்களுக்கு அது இல்லை. காலையில் கொஞ்சம் ஓடுங்கள்" என்றார். கிண்டலாகச் சொன்னாரோ என்னவோ, மறுநாள் விடியற்காலை சாந்தோம் வழியாகக் கடற்கரைக்கு ஓடினேன். மூச்சு வாங்குகிற அந்த நேரம் மட்டும் தலைக்குள் சத்தம் இல்லை.

அடையாற்றில் மறதி நோய்க்காரர்களுக்கான பகல்நேர இல்லம் ஒன்று இருப்பது எனக்கு அப்போதுதான் தெரியவந்தது. அம்மாவின் புடவைகளையும், கடைசி நாட்களில் வாங்கி அவள் உட்காராமலே போன சக்கர நாற்காலியையும் கொடுக்கப் போனேன். கட்டடத்தைச் சுற்றி ஒரு நடைபாதை. ஒரு பெரியவர் ஆபீஸ் பையோடு விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தார். கூடவே ஒரு பெண் பேசியபடி நடந்தாள்.

"நாங்க யாரையும் நிறுத்துறதில்ல. கூட நடப்போம்" என்றார் நிர்வாகி அம்மாள். "என்ன, கூட நடக்க ஆள்தான் பத்தல."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் புடவைகளை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்து, அடையாற்றுப் பாலத்தின் மேல் நின்று அழுதேன். மந்தைவெளியிலிருந்து இருபது நிமிடத் தொலைவில் இப்படி ஓர் இடம். நான் தேடவே இல்லை.

ஜனவரியில் நடக்கும் மாரத்தானில் அந்த இல்லத்துக்காக ஓடப் பெயர் கொடுத்தேன். நடைத்துணைக்கு ஆள் போட நன்கொடை கேட்டு, அம்மாவின் படத்தோடு எல்லோருக்கும் செய்தி அனுப்பினேன். தம்பிக்கும் அனுப்பினேன். படித்துவிட்டான் என்று இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

இருட்டு பிரியும் முன்பே ஓட்டம் தொடங்கியது. முதல் பாதியை மெதுவாக ஓட வேண்டும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். என்னால் முடியவில்லை. யாரோ துரத்துவது போல ஓடினேன். அடையாறு தாண்டி, திருவான்மியூர் தாண்டி, வெயில் ஏறிய பிறகு இருபத்தொன்பதாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மீடியன் கட்டையைப் பிடித்தபடி நின்றேன்.

"அக்கா."

ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி தம்பி. திருவான்மியூரிலிருந்து ஸ்கூட்டரில் என் பின்னாலேயே வந்திருக்கிறான்.

"உக்காருக்கா. காலை நீட்டு."

"உக்காந்தா எழுந்திருக்க முடியாது."

நொண்டி நொண்டி நடந்தேன். ஸ்கூட்டரை ஓரம் கட்டிவிட்டு அவனும் கூட நடந்தான்.

"என் வீட்ல அம்மா மூணு நாள் இருந்தாங்கல்ல" என்றான். "மூணு நாளும் ரூம வெளிய தாழ் போட்டுட்டேன்கா. ராத்திரியெல்லாம் கதவத் தட்டினாங்க. உன்னத் திட்டினது அந்த ஞாயித்துக்கிழமைதான். அப்புறம் உன் மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

இரக்கம் வரும் என்று யாராவது நினைக்கலாம். எனக்கு வந்தது கோபம்தான்.

"பதின்மூணு நாள் ஒரே வீட்ல இருந்தோம். அப்ப சொல்லியிருந்தா? நான் ஒருத்தி மட்டும்தான் பாவின்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்டா."

"தெரியும்கா."

"என்ன தெரியும்? போ. எங்கூட வராத."

அவன் நின்றுவிட்டான். நான் ஓட முயன்றேன், கால் கேட்கவில்லை. நடந்தேன், ஓடினேன், மறுபடி நடந்தேன். ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் அவன் ஸ்கூட்டர் நின்றது. அவன் கிட்டே வரவில்லை. நான் கிளம்பியதும் அவனும் கிளம்பினான். முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில் நானே கை காட்டிக் கூப்பிட்டேன். மிச்ச தூரத்தை இருவருமாக நடந்தோம். அம்மா கதவைத் தட்டியபோது என்ன சொன்னாள் என்று கேட்டேன். சொன்னான். கேட்டுக்கொண்டே நடந்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு பதக்கத்தை எடுத்துக் கொடுத்தார் ஓர் இளம்பெண். நேரம் கடந்துவிட்டதால் முடித்தவர்கள் பட்டியலில் என் பெயர் வராது என்று தயங்கியபடி சொன்னார். பரவாயில்லை என்றேன். தம்பி என் ஷூவைக் கழற்றினான். இரண்டு விரல் நகம் கறுத்திருந்தது. அவன் குனிந்தபடியே இருந்தான், முகத்தைக் காட்டவில்லை.

இல்லத்தில் இப்போது நடைத்துணைக்கு இன்னும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் நானும் போகிறேன், சில வாரம் தம்பியும் வருகிறான். எங்களுக்குள் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஏதாவது பேச்சில் பூட்டு என்ற சொல் வந்தால் இரண்டு பேரும் சட்டென்று நிறுத்திக்கொள்கிறோம். இன்னும் என்னால் ஒரு முழு மீட்டிங் உட்கார முடிவதில்லை. ஆபீசில் உயரமான மேசை ஒன்று போட்டுக் கொடுத்துவிட்டார்கள். இதையும் நின்றுகொண்டுதான் எழுதினேன்.