தொரை காரின் முன்சீட்டு

கல்யாணத்துக்கு வாடகைக் கார் ஓட்டும் சகாக்களே, உங்களுக்கும் தெரியும்: ஊரே காரை வாய் பிளந்து பார்க்கும், ஓட்டுகிறவர் மட்டும் கண்ணில் படக்கூடாது. நான் பொம்பளை வேறு, சொல்லவா வேண்டும்! கண்டியில் ஒரு ஹாஜியாருடைய பழைய இங்கிலாந்துக் காரை ஓட்டினேன். கம்பளைப் பக்கம் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தை ஆண்ட வெள்ளைக்காரப் பெரிய தொரையின் கார் அது. எஞ்சினை ஓரிடத்தில் வாங்கி, உடம்பை வேறொரு பட்டறையில் தன் இஷ்டத்துக்குக் கட்டுவித்தாராம்.

மழைக்கோட்டு

தொரையின் இஷ்டம் என்னவென்றால், பின்சீட்டுக்கு மெத்தையும் கூரையும். முன்சீட்டில் டிரைவருக்கு வெறும் வானம். குண்டசாலைக் கல்யாணத்தன்று மழை கொட்டியது. என் ஊதா மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டேன். படம் கெடுகிறது, கழற்று என்று படம் பிடிப்பவர் கத்தினார். அவருடைய கெமராவுக்குப் பொலித்தீன் பை உண்டு, எனக்கு மட்டும் ஒன்றும் கூடாதாம். மாட்டேன் என்றேன். புகார் போனது. ஹாஜியார் கூப்பிட்டுச் சொன்னார்: "மகள், இன்னொரு கம்ப்ளெயின் வந்தா சாவிய வெச்சிட்டுப் போங்க."

மல்லிகை

அந்தச் சாவியை விட எனக்கு மனமில்லை. எங்கள் தோட்டத்து ஆட்களை ஓரங்கட்டிப் போன காரை நான் ஓட்டுவதில் ஒரு திமிர், ஒளிப்பானேன்? ஆனாலும் கை சும்மா இருக்கிறதா? கலகெதர ஏற்றத்தில் ஒரு நாள், காரின் முன்பக்கம் காற்றுப் போகும் இடத்தையெல்லாம் மாப்பிள்ளை வீட்டார் மல்லிகையால் அடைத்திருந்தார்கள். தண்ணீர் கொதித்து ஆவி கிளம்பியது. இறங்கி, மாலையை அறுத்து மாப்பிள்ளை மடியில் போட்டேன். அவருடைய சித்தப்பா ஹாஜியாரிடம் சொல்வேன் என்று குதித்தார். மாப்பிள்ளை நல்ல மனிதர்: "சித்தப்பா, கார் நின்னா நீங்களா தள்ளுவீங்க? பேசாம இருங்க."

பேரன்

தொரையின் பேரன் இங்கிலாந்திலிருந்து வந்தார். தாத்தாவின் காரிலேயே தாத்தாவின் தோட்டத்துக்குப் போக வேண்டுமாம். தேயிலை நடுவே வளைவில் ஹாரன் அடித்தேன். எதிரே விறகுக்கட்டோடு எங்கள் லயத்து வரிசைவீட்டுச் செல்லையா மாமா. காரைக் கண்டதும் கட்டைக் கீழே போட்டு, பாதையோரக் கான் வாய்க்காலில் இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் குனிந்து நின்றார். தொரை கார் வந்தால் அப்படி நிற்க வேண்டும் என்று சின்ன வயதில் அடித்துப் பழக்கியது. இத்தனை காலத்துக்குப் பிறகும் கால் தானாக இறங்குகிறது! பேரன் சந்தோஷமாகப் படம் எடுத்தார். இன்னும் மரியாதை மறக்கவில்லையே என்றார்.

காரை நிறுத்தினேன். மாமாவைக் கைபிடித்து ஏற்றி, பேரனுக்குப் பக்கத்தில் மெத்தையில் உட்கார வைத்தேன். பேரன் அந்த இடத்திலேயே ஹாஜியாருக்கு ஃபோன் போட்டார். போடட்டும் என்று ஓட்டினேன். மாமா மெத்தையை அமுக்கிப் பார்த்தார், கூரையைத் தட்டிப் பார்த்தார், பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டார்: "இம்புட்டுத்தானா? இதுக்கா புள்ள நாங்க கான்ல எறங்கி நின்னோம்?"

அன்றைக்கே சாவி போனது. இப்போது திரீவீல் ஆட்டோ ஓட்டுகிறேன், எவ்வளவு ஹாரன் அடித்தாலும் ஒருவரும் ஒதுங்குவதில்லை, ஒதுங்கவும் வேண்டாம்.