நாய்க்குப் போட்ட கறி

இப்போது கோழிக்கடையில் இரண்டே கேள்விகள்தாம் கேட்கிறார்கள்: தோலோடா, தோல் இல்லாமலா; பெரிய துண்டா, சிறிய துண்டா. விடை சொல்லி முடிப்பதற்குள் கோழி பைக்குள் வந்துவிடுகிறது. ஒரு கோழி வாங்குவதற்காகப் பொன்னமராவதிச் சந்தையில் அம்மா ஒரு முற்பகல் முழுவதையும் செலவிட்டது, அந்தப் பையைக் கையில் வாங்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.

அப்போது எனக்கு எட்டு வயது. அப்பா குவைத்தில் வேலை பார்த்தார். அக்கா திருச்சியில் செவிலியர் படிப்பில் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. அந்தப் படிப்புக்கு விலையாக எங்கள் வீடு ஓர் உறவை இழந்திருந்தது. அம்மாவின் அண்ணன் அக்காவைத் தம் மகனுக்குக் கேட்டிருந்தார். கேட்டார் என்பதைவிட, அக்கா பிறந்த நாளிலேயே முடிவானதாக அவர் கருதிய ஒன்றை நினைவூட்டினார் என்பதே பொருந்தும். அக்கா படிக்க வேண்டும் என்றாள். அம்மா மகள் பக்கம் நின்றாள். "இனி இந்த வீட்டுல கை நனைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மாமா எழுந்து போனார். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் கை நனைப்பது என்றால் அங்கே உண்பது. உண்ண மறுப்பது உறவையே மறுப்பதாகும்.

பிறகு மாமா தம் மகனுக்கு வேறிடத்தில் பெண் பார்த்து முடித்தார். திருமணப் பத்திரிகை வைக்க ஞாயிற்றுக்கிழமை வருவதாகத் தொலைபேசியில் சொன்னவர், "வச்சுட்டு ஒடனே கெளம்பிருவேன்" என்றும் சேர்த்துக்கொண்டார். அம்மா முதற்பாதியை மட்டும் காதில் வாங்கினாள்.

சந்தையில் அவள் எத்தனை கோழிகளைத் தூக்கிப் பார்த்தாள் என்று எனக்கு நினைவில்லை. ஒவ்வொன்றின் நெஞ்செலும்பையும் விரலால் அழுத்தினாள். இறகை ஊதி விலக்கித் தோலின் நிறத்தைப் பார்த்தாள். கீழே விட்டுவிட்டு அடுத்ததைத் தூக்கினாள். விற்றவள் பொறுமை இழந்தாள்.

"ஏத்தா, நீ கோழி வாங்க வந்தியா, மாப்ள பாக்க வந்தியா?"

"எங்கண்ணன் ஒரு வாயி வச்சாலே, வெடையா முட்ட விட்டதான்னு சொல்லிருவாக" என்றாள் அம்மா. அதைச் சொல்லும்போது அவள் குரலில் இருந்தது பெருமையா அச்சமா என்று இன்றும் என்னால் பிரித்துச் சொல்ல இயலவில்லை. கடைசியில், முட்டையிடத் தொடங்காத சாம்பல்நிற விடைக்கோழி ஒன்று கால்கள் கட்டப்பட்டு எங்களோடு பேருந்து ஏறியது.

ஞாயிறு காலையில் அம்மா வெந்நீரில் முக்கி இறகு பறித்தாள்; மஞ்சள் பூசினாள்; வைக்கோலைக் கொளுத்தி, அந்தத் தீயில் கோழியைப் புரட்டிப் புரட்டி வாட்டினாள். மிளகும் மல்லியும் அம்மியில் அரைபட்டன. இரு கால்களையும் ஈரலையும் குழம்பில் தனியே அடையாளம் வைத்துக்கொண்டாள். ஒரு காலாவது எனக்கு மிஞ்சுமா என்பதே அன்று என் ஒரே கவலை.

மாமா வந்தார். தட்டில் பத்திரிகையை வைத்து, நின்றபடியே நீட்டினார்.

"உக்காருங்கண்ணே. அடுப்புல கோழி கெடக்கு."

"மணக்குது."

"ஒரு வாய் தண்ணியாச்சும் குடிங்க."

மாமா அவள் நீட்டிய செம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வேணாம்மா. சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குல்ல. பஸ்ஸு வந்துரும்" என்று படியிறங்கிவிட்டார்.

அம்மா செம்பைக் கீழே வைத்தாள். பிறகு விரைந்து உள்ளே போய், சோற்றையும் கறியையும் தூக்குவாளியில் நிரப்பினாள். புலால் வெளியே போகும்போது காத்துக் கருப்பு அண்டாதிருக்க வைக்கும் கரித்துண்டு ஒன்றை மூடியின்மேல் வைத்தாள். "ஓடு. மாமாகிட்ட குடு. வாங்கலேன்னா..."

பேருந்து நிறுத்தத்தில் மாமா தனியாக அமர்ந்திருந்தார். வாளியைக் கண்டதும், "ஒங்கம்மா விட மாட்டாளே" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அங்கிட்டு யாரும் வாராகளா பாரு" என்றார். யாரும் வரவில்லை. கரித்துண்டை எடுத்துப் பத்திரமாக ஓரத்தில் வைத்தார், மூடியைத் திறந்தார், உண்ணத் தொடங்கினார். அவர் ஏறவேண்டிய பேருந்து வந்தது, நின்றது, போயிற்று. அவர் தலை நிமிரவில்லை.

உண்டு முடித்ததும் எதிரே இருந்த குழாயடியில் வாளியைத் தாமே தேய்த்துக் கழுவினார். உறவினர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்புவது எங்களுக்கு வழக்கமில்லை. ஒரு பிடி அரிசியாவது போட்டு அனுப்புவோம். மாமா பத்திரிகைப் பைக்குள் கைவிட்டு, இரண்டு வெற்றிலையும் ஒரு பாக்கும் எடுத்து வாளிக்குள் வைத்து மூடினார்.

"ஏத்தா, அம்மா கேட்டா என்ன சொல்லுவ?"

"மாமா சாப்பிட்டாகன்னு."

"அதான் வேணாங்கிறேன். நாய்க்குப் போட்டுட்டாகன்னு சொல்லு."

"எந்த நாய்க்கு?"

மாமா யோசித்தார். "கறுப்பு நாயின்னு வச்சுக்க. சத்தியமா?"

நான் அவர் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

அம்மா அடுப்படியில் உண்ணாமல் உட்கார்ந்திருந்தாள். நான் மூச்சிரைக்கச் செய்தியைச் சொன்னேன்: "நாய்க்குப் போட்டுட்டாக. கறுப்பு நாய்." அவள் முகம் இறுகியது. வாளியை வாங்கி மூடியைத் திறந்தாள். திறந்தவள் உள்ளே பார்த்தபடியே இருந்தாள்.

"வாளியக் கழுவுனது யாரு?"

"மாமாதான்."

"வெத்தல?"

"அதுவும் மாமாதான்."

அம்மா மூடியைக் கீழே வைத்தாள். பிறகு, "நாய் நல்லாத் தின்னுச்சா?" என்றாள்.

"எலும்பக்கூட விடல."

"ஒறப்பா இருந்துச்சோ?"

"மூக்கத் தொடச்சுக்கிட்டே தின்னுச்சு" என்றேன், சத்தியத்திலிருந்து இம்மியும் வழுவாதவளாக.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்றே நினைத்தேன். ஆனால் அவள் தட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு முறை சோறு வைத்து உண்டாள். மிஞ்சியிருந்த ஒரு காலை என் தட்டில் வைத்தாள். பிறகு வாளியிலிருந்த வெற்றிலையை எடுத்து மடித்து வாயில் இட்டுக்கொண்டாள். அவள் வெற்றிலை போட்டு அதற்குமுன் நான் கண்டதில்லை.

அரும்பாடுபட்டு ஆக்கிய கறி நாய்க்குப் போயிற்று என்று கேட்ட பிறகும் ஒருத்தி உதடு சிவக்கச் சிவக்க மென்றுகொண்டிருப்பது எவ்வாறு என்று எனக்கு விளங்கவில்லை. கோழிக்காலைக் கடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிறைவு எனக்குப் போதுமானதாக இருந்தது.